ஒரு செம்புத் தண்ணீர்

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கடலோரமாக அமைந்த மீனவர் குப்பம் ஒன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து நண்பகலில், அன்பியச் சந்திப்புக்காகச் சென்றிருந்தோம். எங்களுடன் அருட்சகோதரி ஒருவரும் வந்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கிச் சுடுமணலில் நடந்து வந்ததால் அனைவருக்கும் நா வறண்டிருந்தது. முதல் வீட்டின் வாசலில் மூதாட்டி ஒருவர் காலை நீட்டி அமர்ந்திருந்தார். இடப் பாதத்தில் துணிக்கட்டு. சர்க்கரை நோயினால் ஆறாத புண் என்றார். அவருக்குப் பின்னால், நிழலான மூலையில், ஈரத்துணி சுற்றிய மண்பானையும் அதன்மேல் கவிழ்த்த பித்தளைச் செம்பும் இருந்தன. எங்கள் கண்கள் அந்தப் பானையை நோக்கியே சென்றன.

ஆனால் அவர் பேரனை அழைத்தார். "சிஸ்டரு வந்துக்கிறாங்க. வெறுந் தண்ணிய எப்படிக் குடுக்கிறது? ஓடிப் போயி ஒரு பெரிய கலரா வாங்கினு வாடா" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "எனக்கு, ஆயா?" என்று கேட்டான் சிறுவன். "மீதி ஒனக்குத்தான், போ!" என்றார். கரிய நிறத்துக் குளிர்பானம் வந்தது. எங்களுக்குக் குவளைகளில் ஊற்றித் தந்தார். குடித்தோம். புட்டியில் எஞ்சியதைச் சிறுவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். அவனுக்கு அது புதிய இன்பமன்று; நாள்தோறும் பள்ளி விட்டு வந்ததும் பத்து ரூபாய் கொடுத்தால்தான் அடங்குவான் என்று பாட்டியே பெருமையும் சலிப்புமாகக் கூறினார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அருட்சகோதரி நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அந்தப் பானைத் தண்ணீரை நாம் ஏன் கேட்கவில்லை?" என்றார். எவரும் விடை கூறவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சிறியதன் சுமை

நாள்தோறும் ஒரு புட்டி குளிர்பானம் அருந்துவது அறத்தைப் பற்றிய வினாவாகுமா? ஆகாது என்போர் இரு வகையினர். இது மருத்துவர் பேச வேண்டியது, மறையுரையில் இதற்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். சட்டம் தடுக்காத, பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு சிறு மகிழ்ச்சியைக் குற்றமெனச் சொல்லி ஏழையின் வாயில் மண்ணைப் போடுவானேன் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. உடல்நலத்தையே தெய்வமாக்கிக்கொண்டு, கலோரிகளை எண்ணுவதையே புண்ணியமாகக் கருதும் போக்கும் ஒருவகைச் சிலை வழிபாடுதான். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே உடலை வழிபடும் அப்போக்கினைக் குறித்து நம்மை எச்சரிக்கின்றது.

எனினும் அதே ஏடு, உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள கொடைகள் என்றும், அவற்றை அறிவோடு பேணுவது நம் கடமை என்றும், அதற்குரிய சூழ்நிலையை உருவாக்குவது சமுதாயத்தின் கடமை என்றும் அடுத்தடுத்த எண்களில் கற்பிக்கின்றது. மது, புகையிலை ஆகியவற்றோடு உணவையும் அளவுகடந்து நுகர்வதை விலக்கும் நற்பண்பாகத் தன்னடக்கத்தைக் குறிப்பிடுகின்றது. எனவே, உண்பதும் பருகுவதும் மனச்சான்றின் எல்லைக்கு வெளியே இல்லை.

நம்முடைய இடர்ப்பாடு வேறோர் இடத்தில் இருக்கின்றது. பெரிய குற்றங்களைக் கண்டால் மனச்சான்று விழித்துக்கொள்கின்றது. மிகச் சிறிய செயல்களைக் கண்டால் உறங்கிவிடுகின்றது. ஒரு புட்டி குளிர்பானம் எவரையும் கொல்வதில்லை. இன்று குடித்தவர் நாளைக் காலையில் நலமாகவே எழுகின்றார். "இன்று ஒன்று" என்பதில் தீங்கு ஏதும் தென்படவில்லை. ஆயின் "நாள்தோறும்" என்ற சொல் சேர்ந்தவுடன் அச்செயலின் இயல்பே மாறிவிடுகின்றது. அந்த மாற்றத்தை முதலில் எண்களால் அறிந்துகொள்வோம்.

ஒரு புட்டிக்குள் இருப்பது

சர்க்கரை சேர்த்த கோலா வகைப் பானங்களில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை உள்ளது. புட்டியின் மேலொட்டிலேயே இது சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 250 மில்லி லிட்டர் கொண்ட சிறு புட்டியில் 25 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும் என்பது இதன் பொருள். அதாவது, ஆறு தேக்கரண்டிக்கும் மேல். காப்பியில் ஆறு கரண்டி சர்க்கரையை நம் கண்முன்னே எவரேனும் போட்டால் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். புட்டியிலோ குளிர்ச்சியும் புளிப்பும் வாயுவும் சேர்ந்து அந்த மிகையான இனிப்பை மறைத்துவிடுகின்றன. இச்சிறு புட்டியை நாள்தோறும் குடிக்கும் சிறுவன் ஓராண்டில் ஒன்பது கிலோவுக்கும் மேற்பட்ட சர்க்கரையை இவ்வழியாக மட்டுமே உட்கொள்கின்றான்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைய ஆற்றல் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் குறைப்பது மேலும் நன்மை பயக்கும். அந்த 25 கிராமும் ஒரு சிறு புட்டியிலேயே முடிந்துவிடுகின்றது. தேநீரும் பணியாரமும் மிட்டாயும் இன்னும் கணக்கில் வரவில்லை.

நீர்மமாக உட்செல்லும் சர்க்கரைக்குத் தனியொரு தன்மை உண்டு. மென்று உண்ணும் உணவு வயிறு நிறைந்த உணர்வைத் தரும். அதே அளவு ஆற்றல் பானமாகச் செல்லும்போது அவ்வுணர்வு மிகக் குறைவாகவே எழுகின்றது. ஆகையால், குளிர்பானம் குடித்தவர் அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்துக்கொள்வதில்லை. பானம் உணவின்மேல் உணவாகச் சேர்கின்றது. குருதியில் விரைந்து ஏறும் சர்க்கரையைச் சமன்செய்யக் கணையம் மீண்டும் மீண்டும் இன்சுலினைச் சுரக்க வேண்டியுள்ளது. சர்க்கரையின் ஒரு பாதியான பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில் கையாளப்படுகின்றது. மிகுதியாகச் சேர்ந்தால் அது அங்கே கொழுப்பாக மாறுகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கும் நிலை உருவாகின்றது. பற்களுக்கோ இரட்டைக் கேடு: பானத்திலுள்ள அமிலம் பல்லின் மேற்பூச்சை நேரடியாக அரிக்கின்றது, வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றன.

மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வுரை, நாளொன்றுக்கு ஓரிரு முறை இத்தகைய பானம் அருந்துவோருக்கு, அரிதாக அருந்துவோரைவிட இரண்டாம் வகை நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு மிகுதி என்று கண்டது. இதனை மிகைப்படுத்தியும் கூறலாகாது. குடியாதோர் நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் வருமெனக் கொண்டால், நாள்தோறும் குடிப்போர் நூறு பேரில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேருக்கு வரும் என்பதே இதன் பொருள். தனி மனிதருக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டுள்ளது. தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிட உயர்ந்து நிற்கின்றது. இத்துணைப் பெரிய கூட்டத்தில், நூற்றுக்கு இரண்டு மூன்று என்பது எத்தனை குடும்பங்களின் கண்ணீர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்த மூதாட்டியின் கால் புண்ணுக்குக் குளிர்பானம்தான் காரணம் என்று நாம் கூறவில்லை. பரம்பரை, வயது, உணவு, உழைப்பின் குறைவு எனப் பல காரணங்கள் சேர்ந்தே அந்நோயை உண்டாக்குகின்றன. ஆனால் அதே பரம்பரையில் பிறந்த பேரன் அதே திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் ஒரு புட்டியைக் காலி செய்கின்றான் என்பதை எப்படிப் பாராதிருப்பது?

மோனிக்காவின் கிண்ணம்

தினமும் சிறிது என்பதன் ஆற்றலைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் நமக்காக எழுதி வைத்துள்ளார். புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்ட நூலின் ஒன்பதாம் பகுதியில், தம் அன்னை மோனிக்காவின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றார். சிறுமி மோனிக்காவைப் பெற்றோர் திராட்சை இரசம் மொண்டு வர அனுப்புவது வழக்கம். பீப்பாயில் கிண்ணத்தை முகந்தவுடன், சாடியில் ஊற்றுமுன், அச்சிறுமி உதட்டு நுனியால் சற்றே சுவைத்துப் பார்ப்பாள். குடிமீது விருப்பம் ஏதுமில்லை. சிறுபிள்ளைத்தனமான குறும்பு, அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு நாளின் சிறு துளியோடு மறுநாளின் சிறு துளி சேர்ந்து, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் நிலைக்கு அவள் வந்துவிட்டாள். ஒருநாள் சண்டையின்போது பணிப்பெண் ஒருத்தி அவளைக் குடிகாரி என்று ஏசினாள். அந்தச் சொல் முள்ளாய்த் தைக்கவே, அன்றோடு அவ்வழக்கத்தை மோனிக்கா விட்டொழித்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அவ்வீட்டிலிருந்த முதிய செவிலி, உணவு வேளை தவிர மற்ற நேரங்களில் தண்ணீர்கூடக் குடிக்கலாகாது என்று பிள்ளைகளைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தாராம். இன்று கைக்கு எட்டுவது தண்ணீர் மட்டுமே. நாளை மணமாகிச் சரக்கறையின் திறவுகோல் கைக்கு வந்ததும் தண்ணீர் உங்களுக்குச் சுவைக்காது, குடிக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். கடற்கரை வெயிலில் வாழும் நாம் தண்ணீரைத் தடுக்கும் அந்த விதியைப் பின்பற்றலாகாது. ஆனால் தண்ணீர் சுவைக்காமற் போகும் ஒரு காலம் வரும் என்ற அச்செவிலியின் கவலை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மெய்யாகி வருகின்றது. "தண்ணி வேணாம், வேற ஏதாவது குடு" என்று கேட்கும் குழந்தை இல்லாத வீடு இன்று எங்கே இருக்கின்றது?

தாகமும் தித்திப்பும்

அதே நூலின் பத்தாம் பகுதியில் அகுஸ்தினார் தம்மைத் தாமே வினவிக்கொள்கின்றார். உண்பதும் குடிப்பதும் உடலுக்கு மருந்து போன்றவை. ஆனால் தேவை என்னும் வாசல் வழியாக இன்பமும் கூடவே நுழைந்துவிடுகின்றது. நாம் கேட்பது உடலின் தேவையா, இன்பத்தின் ஆசையா என்பது பல வேளைகளில் நமக்கே தெளிவாவதில்லை. தெளிவில்லாமல் இருப்பதில் மனம் மகிழ்ச்சியும் கொள்கின்றது. ஏனெனில் தேவையின் பெயரைச் சொல்லி ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம். குளிர்பானத்தை இதைவிடப் பொருத்தமாக எவரும் விளக்கியதில்லை எனலாம். தாகத்தின் பெயரால் நாம் தித்திப்பைக் குடிக்கின்றோம்.

ஆயினும் இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பிடுதல் தகாது. தாகம் தீர்க்கும் தண்ணீர் எல்லார்க்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை. கடலோர ஊர்கள் பலவற்றில் கிணற்று நீர் உப்புக் கரிக்கின்றது. மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு இயங்குகின்றன: நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வழங்கும் நிலையம் 2013-இலும், பதினைந்து கோடி லிட்டர் வழங்கும் நிலையம் 2024-இலும் தொடங்கப்பெற்றன. சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்க எழுந்தவை அவை. அக்கரையில் வலையிழுக்கும் தொழிலாளியும், சாலையோரம் சிலை செதுக்கும் கல் தச்சரும் காசு கொடுத்துத்தான் தாகம் தீர்க்க வேண்டுமெனில், வெறுந் தண்ணீருக்கும் இனிப்புப் பானத்திற்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? களைத்த உடல் சர்க்கரையை நாடுவது இயல்பு. அவரைப் பார்த்துத் தன்னடக்கத்தைப் போதிக்குமுன், நல்ல தண்ணீர் அவருக்குக் கிடைக்கின்றதா என்று கேட்பது நீதியின் முதற்படி.

விற்பவரும் ஆள்வோரும்

அப்படியானால் பொறுப்பு யாருடையது? கொக்கோ கோலா நிறுவனம் 1977-இல் இந்தியாவைவிட்டு வெளியேறி 1993-இல் மீண்டும் வந்தது. அதற்குமுன்னும் நம் ஊர்களில் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் கலரும் இருந்தன. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளி மார்க் நிறுவனத்தின் பானங்களைத் திருவிழாக் கடைகளில் குடித்து வளர்ந்தவர் நம்முள் பலர். அன்றைய கலரிலும் சர்க்கரை இருக்கவே செய்தது. ஆனால் அது தேர்த் திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் உரியதாயிருந்தது. பின்வந்த ஆண்டுகளில், குளிர்ப்பெட்டி இல்லாத கடையே இல்லை என்ற நிலையும், கெடாமல் எடுத்துச் செல்லும் நெகிழிப் புட்டியும், ஓயாத விளம்பரமும் சேர்ந்து, திருவிழாப் பானத்தை அன்றாடப் பானமாக்கின.

2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர் எழுச்சி கொண்டபோது அந்நியக் குளிர்பானங்களுக்கு எதிரான குரலும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் தொடங்கி அவற்றை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்கு வழங்கலாமா என்ற வழக்கும் அக்காலத்திலேயே மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் நடைபெற்றது. ஆற்று நீரையும் உள்நாட்டுத் தொழிலையும் காக்க எழுந்த அக்குரலில் நியாயம் இருந்தது. ஆனால் அந்நியப் புட்டிக்கு மாற்றாக உள்நாட்டுப் புட்டியையே பலர் கையிலெடுத்தனர். கணையத்திற்கு நாட்டுப்பற்று தெரியாது. எந்த நாட்டுச் சர்க்கரையும் அதற்கு ஒன்றே.

வேறு நாடுகள் வரியின் வழியே முயன்றன. குளிர்பான நுகர்வில் உலகின் முன்வரிசையில் நின்ற மெக்சிகோ, 2014 முதல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. மக்கள் வாங்கும் அளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பிரிட்டன் 2018 ஏப்பிரல் முதல் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரியை உயர்த்தியது; நிறுவனங்கள் பல தாமே சர்க்கரையைக் குறைத்தன. இந்தியாவில் வாயு ஏற்றிய பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உள்ளது. ஆயின் அது சர்க்கரையின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. சட்டம் செய்யத்தக்கன இன்னும் பல உள்ளன. பள்ளி வாசலில் விற்பனையைத் தடுப்பதும், சர்க்கரையின் அளவைப் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வதும் அவற்றுள் சில.

எனினும் எந்தச் சட்டமும் நுழைய முடியாத ஓரிடம் உண்டு. அது அந்த மூதாட்டியின் வாசல்.

விருந்தினரின் கடமை

மூதாட்டி குளிர்பானம் வாங்கியது தாகத்தால் அன்று; இன்பத்தாலும் அன்று. அவர் வாங்கியது மதிப்பின்பொருட்டு. வந்தவர்க்கு வெறுந் தண்ணீரைக் கொடுத்தால் தம் வீடு தாழ்ந்துவிடும் என்று அஞ்சினார். தம் மருந்துச் செலவுக்கு வைத்திருந்ததாகவும் இருக்கக்கூடிய காசை அந்த அச்சத்திற்குக் கொடுத்தார். கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசுகள் நம் நினைவுக்கு வருகின்றன. கொடுத்தவரின் அன்பில் குறையே இல்லை. தண்ணீருக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எவ்வாறு நுழைந்தது என்பதே கேள்வி.

அதை நுழைத்தவர்கள் விளம்பரக்காரர்கள் மட்டுமல்லர். விருந்தினராகச் சென்ற நாமும்தான். புதுநன்மை விழாவிலும், அன்பியக் கூட்டத்திலும், பங்குத் திருவிழாவின் கொடியேற்ற நாளிலும், எந்த வீட்டில் பெரிய புட்டி வந்ததோ அந்த வீட்டை நாம் சற்று மிகுதியாகப் புகழ்ந்தோம். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காத்த நாமே, சிலுவைப்பாதை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் குளிர்பானம் வழங்கினோம். தட்டில் தண்ணீர் வந்தபோது, "பரவாயில்லை, வேண்டாம்" என்று மறுத்து, குளிர்பானம் வந்தபோது ஏற்றுக்கொண்டோம். ஏழை வீடுகள் இதைக் கவனித்தன; பாடம் கற்றுக்கொண்டன.

மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் சான் குவான் சமுலா என்ற ஊரின் ஆலயத்தில், பழங்குடி மக்கள் தம் மரபு வழிபாட்டில் மெழுகுவத்திகளோடு குளிர்பானப் புட்டிகளையும் வைக்கின்றனர். அதைக் கேட்டு நகைப்பதற்கு நமக்குத் தகுதியில்லை. எதை உயர்ந்ததெனக் கருதுகின்றனரோ அதை அவர்கள் இறைவன்முன் வைக்கின்றனர். நாம் விருந்தினர்முன் வைக்கின்றோம். உயர்ந்தது எது என்று தீர்மானிக்கும் உரிமையை இரு சாராருமே வணிகரிடம் விட்டுவிட்டோம்.

இதே கடற்கரையில் 2019 அக்டோபரில் சீன அதிபர் விருந்தினராக வந்தபோது, மாமல்லபுரத்துக் கற்றேர்களின் அருகே அமர்ந்து அவரும் நம் பிரதமரும் அருந்தியது இளநீர். உலகமே அப்படத்தைப் பார்த்தது. பெரிய விருந்துக்கு இளநீர் தகுதியானதென்றால், குப்பத்து விருந்துக்கு மண்பானைத் தண்ணீர் எப்படித் தகுதியற்றதாகும்?

நற்செய்தியில் ஒரு நண்பகல் வருகின்றது. நடந்து களைத்த இயேசு சமாரியாவின் கிணற்றருகே அமர்கின்றார். நீர் மொள்ள வந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கின்றார். அப்பெண் வியப்படைகின்றாள், யூதர் ஒருவர், தாழ்வாகக் கருதப்பட்ட தன் கையால் நீர் வாங்கிக் குடிப்பாரா? அவர் கேட்டதனாலேயே அவள் குடத்துக்கு மதிப்பு வந்தது. அவளுக்கும் மதிப்பு வந்தது. இங்கே விருந்தோம்புபவருக்கு முன்னரே விருந்தினர் தம் கடமையைச் செய்கின்றார். அவரிடம் இருப்பதையே கேட்கின்றார். இல்லாததைத் தேடி ஓட வைக்கவில்லை. தம் பெயரால் கொடுக்கப்படும் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீருக்கும் கைம்மாறு உண்டு என்று அவர் வேறோரிடத்தில் கூறியதும், எளியவரின் பானைக்கு அவர் அளித்த மதிப்பேயாகும்.

அருட்சகோதரியின் வினாவுக்கு விடை இங்கே கிடைத்தது. பானைத் தண்ணீரை நாங்கள் கேட்கவில்லை. ஏனெனில் கேட்பது எங்களுக்கும் சற்றுக் கூச்சமாயிருந்தது. மூதாட்டியின் வெட்கத்திற்கும் எங்கள் கூச்சத்திற்கும் இடையே, அச்சிறுவன் ஒரு புட்டியைக் குடித்தான்.

இதனால் மகிழ்ச்சியின் வேளைகளை வற்றச் செய்ய வேண்டும் என்று எவரும் கருத வேண்டாம். கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். திருவிழா நாளில் ஒரு குவளை இனிப்புப் பானம் குடித்த குழந்தையை முகம் சுளித்துப் பார்ப்பது அவருடைய வழியன்று. நோயுற்றோரைத் தம் பாவத்திற்குத் தண்டனை பெற்றோராகக் கருதுவதும் அவர் வழியன்று. கோடையில் இறக்கும் பதநீரையோ கரும்புச் சாற்றையோ மருந்தென்று சொல்லி அளவின்றிக் குடிப்பதும் அறியாமையே. பதநீரிலும் பத்தில் ஒரு பங்கையொட்டிச் சர்க்கரை உண்டு. பனை ஆண்டு முழுவதும் சுரப்பதில்லை. அந்த இயற்கையின் இடைவெளியே நம் முன்னோரைக் காத்தது. ஆலையின் புட்டிக்கு அத்தகைய பருவம் இல்லை. ஆதலால் பருவத்தை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியவராகின்றோம். திருநாளைத் திருநாளாக வைத்திருக்க, அன்றாட நாளை அன்றாட நாளாக விட்டுவைப்பதே அப்பருவம்.

ஓராண்டு கழிந்து அக்குப்பத்திற்கு மீண்டும் சென்றோம். இதற்கிடையே மூதாட்டி ஒரு மருத்துவமனையில் நெடுநாள் இருந்து இரு கால்விரல்களை இழந்து திரும்பியிருந்தார். எங்களைக் கண்டதும் வழக்கம்போல் பேரனை அழைத்தார். இம்முறை அருட்சகோதரி முந்திக்கொண்டார். "அம்மா, எனக்கு அந்தப் பானைத் தண்ணீர் வேண்டும். போன தடவையே கேட்க நினைத்தேன்" என்றார். மூதாட்டி சற்றே திகைத்தார். "நெசமாவா, சிஸ்டர்?" என்று கேட்டார். பின்பு சிறுவனிடம் செம்பைக் கழுவி வரச் சொல்லி, தண்ணீரைத் தம் கையாலேயே மொண்டு கொடுத்தார். நன்னாரி வேர் போட்ட தண்ணீர் அது. குளிர்ச்சியாகவும் மணமாகவும் இருந்தது. நாங்கள் அனைவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தோம். அம்மூதாட்டியின் முகத்தில் அன்று வெட்கத்தைக் காணவில்லை.

சிறுவன் எங்களை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தன் வழக்கத்தை அன்றே விட்டுவிட்டான் என்று சொல்வதற்கில்லை. மாலையில் பத்து ரூபாய் கேட்டு அடம்பிடித்திருப்பான். ஆனால் பெரியவர்கள் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்ததை அவன் கண்டிருக்கின்றான். நாள்தோறும் சேரும் சிறு தீமைக்கு ஆற்றல் இருப்பதுபோல், நாள்தோறும் சேரும் சிறு நன்மைக்கும் ஆற்றல் உண்டன்றோ? நாளை நாம் செல்லும் வீட்டில், கேட்கப்படுமுன் நாமே முந்திக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீர் கேட்போமாக.